கொல்லையில் புதைத்த காசு: நிஜாம் நகரத்துப் புதையல் கதைகள் வாஸ்தவம்தானா?

பூர்வீக வீட்டின் பழைய கிரயப் பத்திரம் பெட்டியில் இருந்தால் அங்கத்தினர்கள் ஒரு தடவை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்த பிறகு, நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, ஸித்தம், ஸாத்யம் என்று ஒரு வரி ஓடும். சில பத்திரங்களில் தருவையும் சேர்த்திருப்பார்கள். அஷ்ட போகங்கள் என்று இதற்குப் பெயர். நிலத்தை வாங்கியவருக்கு அதில் உள்ள தண்ணீர், கல், இனி வரப்போகும் வருமானம் எல்லாம் சேரும் என்பது இதன் தாத்பர்யம். முதலில் நிற்கும் நிதி என்பது நிலத்தடியில் புதைந்து கிடக்கும் பொருள். அதாவது புதையலுக்கும் சேர்த்துத்தான் நம் முன்னோர்கள் கிரயம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

எழுதியவர் வழக்கத்துக்காக எழுதிய வரி அது. ஆனால் அதை மனப்பூர்வமாக நம்பிய குடும்பங்கள் நம்மில் குறைச்சல் இல்லை. "கொள்ளுத் தாத்தா கொல்லையில் ஒரு குடம் காசு புதைத்து வைத்திருக்கிறார், நேரம் வரும்போது தானே வெளியே வரும்" என்று பாட்டி சொல்லக் கேட்காதவர் அபூர்வம். தஞ்சாவூர் அக்ரஹாரத்தில் கேட்ட இதே கதையை ஸிகந்தராபாதிலும் கேட்கலாம். ஊர் மட்டும் மாறும். அங்கே மராட்டியர் காலத்துப் பொன் என்றால், இங்கே நிஜாம் காலத்து அஷ்ரஃபி.

இந்தக் கதைகளை எப்படிப் பரிசோதிப்பது? நமக்கு வெகு காலம் முன்பே கௌடில்யர் வழி சொல்லிவிட்டார். அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணத்தில் புதையலைப் பற்றிச் சில சூத்திரங்கள் வருகின்றன. கண்டெடுத்தவனுக்கு ஆறில் ஒரு பங்கு. லக்ஷத்துக்கு மேற்பட்ட நிதி அரசனுக்கு. ஆனால் அது தன் முன்னோர் வைத்தது என்று ஒருவன் தக்க அத்தாட்சியோடு நிரூபித்தால், முழுவதும் அவனுக்கே. நிரூபிக்க முடியாவிட்டால் ஐந்நூறு பணம் அபராதம். யாருக்கும் சொல்லாமல் எடுத்துக்கொண்டால் ஆயிரம். "எங்கள் தாத்தா புதைத்தது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அந்தக் காலத்திலேயே ஏராளம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அபராதம் வரை யோசித்திருக்க மாட்டார். (இந்த நூலே ஒரு விதத்தில் புதையல்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த ஓலைச் சுவடியிலிருந்துதான் ஆர். சாம சாஸ்திரி 1909-ல் இதைப் பதிப்பித்தார்.)

மனு ஸ்மிருதி வேறு மாதிரி. வித்வானான பிராம்மணன் புதையல் கண்டெடுத்தால் முழுவதையும் அவனே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பின்னால் வந்த வெள்ளைக்காரன் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை.

கௌடில்யர் கேட்ட அத்தாட்சியை மனதில் வைத்துக்கொண்டு ஹைதராபாதுக்கு வருவோம். புதையல் கதைகளுக்கு இந்தியாவில் இந்த ஊரைப் போல் இன்னொரு ஊர் இல்லை. கோல்கொண்டாவிலிருந்து சார்மினார் வரை சுரங்கப் பாதை ஓடுகிறது, அதற்குள் குதுப் ஷாஹிகள் பொன்னை வைத்து மூடினார்கள் என்பதில் தொடங்கி, பழைய தேவடிகளின் ஒவ்வொரு சுவருக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்பது வரை கேட்கலாம்.

2012-ஆம் ஆண்டின் கடைசியில் அரசாங்கமே இப்படி ஒரு கதையை நம்பிக் கடப்பாரை எடுத்தது. ஹுஸைன் ஸாகருக்குத் தெற்கே இரட்டைக் குன்றுகள் உண்டு. ஒன்று காலா பஹாட். பிர்லா மந்திர் இருப்பது அதன் மேல். மற்றது நௌபத் பஹாட். முன்காலத்தில் அரசு ஆணைகளை முரசு அடித்து அறிவித்த இடம் என்பதால் அந்தப் பெயர். அந்தக் குன்றில் இருக்கும் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் சுரங்கம் இருக்கிறது, அதற்குள் நிஜாம் காலத்துத் தங்கம் இருக்கிறது என்று ஒருவர் தகவல் கொடுக்க, மாநிலத் தொல்லியல் துறை அனுமதி வாங்கித் தோண்டியது. பத்திரிகைக்காரர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் திரண்டார்கள். தோண்டத் தோண்டப் பாறைதான் வந்தது. சுரங்கமும் இல்லை, சொர்ணமும் இல்லை. வேலையை நிறுத்தி மூடினார்கள்.

இதில் ஹைதராபாதை மட்டும் சொல்லிப் பயனில்லை. அடுத்த வருஷமே, 2013 அக்டோபரில், உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் தௌண்டியா கேடா என்ற கிராமத்தில் மத்தியத் தொல்லியல் துறை இறங்கியது. 1857 கிளர்ச்சிக்குப் பின் தூக்கிலிடப்பட்ட ராஜா ராவ் ராம் பக்ஷ் சிங்கின் கோட்டை அது. ஆயிரம் டன் தங்கம் இருப்பதாக ஒரு சாதுவின் கனவில் வந்ததாம். அந்தச் சமயத்தில் நம் ரிசர்வ் வங்கியின் மொத்தத் தங்கக் கையிருப்பே சுமார் 557 டன்தான்! ஒரு சிறிய தாலுக்தாரின் கோட்டைக்குள் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. கிடைத்தது சுவர்களும் பானை ஓடுகளும் கண்ணாடி வளையல் துண்டுகளும்.

அளவைப் பற்றிய இந்த அசட்டுத்தனம்தான் எனக்கு முதல் சம்சயத்தைக் கிளப்புகிறது. ஹைதராபாதிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1911 முதல் 1948 வரை ஆண்டவர். 1937 பிப்ரவரி 22 தேதியிட்ட 'டைம்' இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டு உலகத்தின் பெரிய பணக்காரர் என்றது. அவரைப் பற்றிய கதைகள் ஊரறிந்தவை. கிங் கோட்டி அரண்மனைத் தோட்டத்தில் தங்கக் கட்டிகளை ஏற்றிய லாரிகள் பாரம் தாங்காமல் சக்கரம் புதைய நின்றனவாம். நிலவறையில் இருந்த நோட்டுக் கட்டுகளை எலி தின்றுவிட்டதாம். 1975-ல் வெளிவந்த 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' என்ற புத்தகம் இவற்றை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது.

இவற்றையெல்லாம் தாண்டி நிற்பது 1965-ஆம் வருஷக் கதை. பாகிஸ்தான் யுத்தத்தின் போது லால் பஹதூர் சாஸ்திரி நிதி கேட்டார், நிஜாம் ஐந்து டன், அதாவது 5000 கிலோ தங்கத்தை யோசிக்காமல் தானமாகக் கொடுத்தார், "தங்கத்தைத்தான் கொடுத்தேன், இரும்புப் பெட்டிகளைத் திருப்பி அனுப்புங்கள்" என்றார் என்று சொல்வார்கள். இன்றைக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கைப்பேசியில் யாராவது நமக்கு இதை அனுப்புகிறார்கள்.

ஆதாரம் என்ன சொல்கிறது? 1965 டிசம்பரில் சாஸ்திரி ஹைதராபாத் வந்தார். நிஜாம் தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரங்களில் 4.25 லக்ஷம் கிராம் தங்கம் முதலீடு செய்ததற்காகப் பாராட்டினார். அன்றைய 'ஹிந்து' பத்திரிகையில் செய்தி இருக்கிறது. 4.25 லக்ஷம் கிராம் என்றால் 425 கிலோ. ஐந்து டன்னில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தானமும் அல்ல. வட்டி கொடுத்து, 1980-ல் தங்கமாகவே திருப்பித் தருவதாக அரசு வெளியிட்ட பத்திரம். பின்னாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, தேசியப் பாதுகாப்பு நிதிக்கு அப்படி ஒரு நன்கொடை வந்ததாகத் தகவல் இல்லை என்று பிரதமர் அலுவலகம் பதில் தந்தது. 2018-ல் இது பத்திரிகையில் வந்தது.

இதனால் நிஜாமுக்கு ஒரு குறைவும் இல்லை. 425 கிலோ தங்கத்தை நாட்டின் கையில் ஒப்படைத்தவர் வேறு யார்? நான் கவனித்தது இன்னொரு விஷயம். அந்தத் தங்கத்தில் பழைய மொஹர் நாணயங்களும் இருந்தன. அவற்றை உருக்கப் போவதில்லை, பழமைக்காக வெளிநாட்டில் நல்ல விலை போகும் என்று சாஸ்திரி அன்றைக்கே சொல்லியிருக்கிறார். ஆக, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த குடும்ப நாணயக் குவியல் என்பது நிஜாம் விஷயத்தில் வாஸ்தவம். பொய்யாகப் போனது அளவும், கொடுத்த விதமும்தான். உண்மையான ஒரு விதையைச் சுற்றி ஐம்பது வருஷத்துக்குள் பன்னிரண்டு மடங்கு சதை வளர்ந்துவிட்டது. அதுவும் பத்திரிகையும் அரசாங்கமும் பார்த்துக்கொண்டிருந்த விஷயத்தில். ஒரு குடும்பத்துக்குள், ஒரு பாட்டியின் வாய்மொழியாக மட்டும் நூறு வருஷம் வந்த கதை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நிஜாமின் மற்றச் செல்வம் எங்கே போயிற்று? பூமிக்கடியில் அல்ல. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் நகைகளுக்கென்றே அறக்கட்டளைகள் ஏற்படுத்தினார். அவற்றிலிருந்த 173 உருப்படிகளை இந்திய அரசு நீண்ட வழக்குக்குப் பிறகு 1995-ல் சுமார் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 184.75 காரட் எடையுள்ள ஜேக்கப் வைரமும் அதில் அடக்கம். நிஜாம் காகிதம் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்திருந்த கல் அது. 1948 செப்டம்பரில் லண்டன் வங்கி ஒன்றுக்குப் போன தொகை 10,07,940 பவுன் 9 ஷில்லிங். அந்த ஒன்பது ஷில்லிங் வரை கணக்கு இருந்தது. எழுபத்தோரு வருஷ வழக்குக்குப் பின், 2019 அக்டோபர் 2-ஆம் தேதி, அது சுமார் 3.5 கோடி பவுனாக வளர்ந்திருந்த நிலையில், இந்தியாவுக்கும் நிஜாமின் வாரிசுகளுக்கும் உரியது என்று லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஜஹாங்கீர் 1613-ல் ஆக்ராவில் அடித்த, கிட்டத்தட்ட 12 கிலோ எடையுள்ள ராக்ஷஸத் தங்க நாணயம் நிஜாம் குடும்பத்தில் இருந்ததாகச் சொன்னதைக் கூடப் பலர் கட்டுக்கதை என்றே நினைத்தார்கள். 1987 நவம்பரில் ஜெனீவாவில் அது ஏலத்துக்கு வந்தபோது மத்தியப் புலனாய்வுத் துறையே விசாரணையில் இறங்கியது. அதற்கும் ஆதாரம் முன்பே உண்டு. இப்படிப் பெரிய நாணயங்கள் அடித்ததை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இனி நம் வீட்டுக் குடத்துக்கு வருகிறேன். கதைகளில் அளவு எப்போதும் "ஒரு குடம்", "ஒரு அண்டா", "ஏழு கொப்பரை". ஹைதராபாத் அஷ்ரஃபி ஒன்றின் எடை 11.18 கிராம். ஏறக்குறைய நம் பழைய வெள்ளி ரூபாய் அளவு. பத்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும் குடத்தில் காசுகளைக் கொட்டினால் நடுவில் இடைவெளி விழும். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஒன்பதாயிரம் அஷ்ரஃபி கொள்ளும். எடை நூறு கிலோவைத் தாண்டும். நிஜாம் 1965-ல் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு! மாதச் சம்பளக்காரரான ஒரு கணக்கர், ராத்திரியோடு ராத்திரியாக, மாட்டுத் தொழுவத்துப் பக்கம், அதைத் தனியாளாகத் தூக்கிப் போய்ப் புதைத்தார் என்று நம்புவதற்குக் கொஞ்சம் தேகபலம் வேண்டும்.

உண்மையாகவே கிடைத்த புதையல்கள் எவ்வளவு இருந்தன? 2020 பிப்ரவரி 26 அன்று திருவானைக்காவில், அகிலாண்டேஸ்வரி சன்னிதிக்கு அருகே இடத்தைச் சீர்படுத்தியபோது கிடைத்த கலயம் நினைவிருக்கும். 505 தங்கக் காசுகள். மொத்த எடை 1.716 கிலோ. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள் உலகப் பிரசித்தம். அவற்றின் எடை நாலு கிலோவுக்கு மேல் போகாது. பரத்பூர் பக்கம் பயானாவில் 1946-ல் வயல்வெளியில் அகப்பட்டதுதான் குப்தர் காலத் தங்க நாணயங்களில் மிகப் பெரிய குவியல். உருக்கியது போக மிஞ்சியது 1821 காசுகள். ஒரு சாம்ராஜ்யத்தின் பொற்காலத்தில், பெரிய தனவந்தர் யாரோ புதைத்ததே பதினைந்து கிலோ அளவில்தான் நிற்கிறது. ஹைதராபாதிலிருந்து வாரங்கல் போகும் வழியில், ஜன்காவ் மாவட்டத்துப் பெம்பர்த்தியில், 2021 ஏப்ரலில் நிலத்தைச் சமன் செய்யும்போது ஒரு செம்புப் பாத்திரம் கிடைத்தது. சுமார் 190 கிராம் தங்க நகை, 1.7 கிலோ வெள்ளி. ஒரு வசதியான குடும்பத்தின் மொத்த நகை என்று நம்பக்கூடிய அளவு.

இந்த நான்கிலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. யாரும் தேடிப் போகவில்லை. யார் கனவிலும் வரவில்லை. எந்தக் குடும்பமும் "எங்கள் தாத்தா வைத்தது" என்று நூறு வருஷம் சொல்லிக்கொண்டிருக்கவும் இல்லை. இது யோசித்தால் நியாயம்தான். இடம் தெரிந்திருந்தால் பிள்ளைகள் அப்போதே எடுத்துச் செலவழித்திருப்பார்கள். மண்ணில் தங்கியது, யாருக்கும் சொல்லாமல் போனவர்களின் பொருள் மட்டுமே. கதை இருந்தால் காசு இருக்காது, காசு இருந்தால் கதை இருக்காது என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இதற்கு விலக்கு இருக்கலாம். நான் இதுவரை பார்க்கவில்லை.

ஸிகந்தராபாதில் எனக்கு நன்றாகத் தெரிந்த நம்மவர் குடும்பம் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். கும்பகோணம் பக்கத்திலிருந்து நிஜாம் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். முற்றம் வைத்த பழைய வீடு. மூன்று சகோதரர்கள், அவர்களில் ஒருவர் வெளிநாட்டில். வீட்டை அடுக்குமாடிக் கட்டுபவரிடம் கொடுக்கப் பேச்சு நடந்து, ஒப்பந்தம் தயாராகி, மூத்தவரால் நின்றுபோயிற்று. 1908 மூசி வெள்ளத்தின் போது கொள்ளுத் தாத்தா கிணற்றடியில் ஒரு குடம் அஷ்ரஃபி புதைத்தார், அஸ்திவாரம் தோண்டும்போது கட்டுபவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பது அவர் கவலை. ஆறு வருஷம் வீடு பூட்டிக் கிடந்தது. ஓடு சரிந்தது. சகோதரர்கள் சிராத்தத்துக்குக் கூடச் சேர்ந்து உட்காரவில்லை.

அத்தாட்சி உண்டா என்று கேட்டேன். உண்டு என்று பூஜை அறையிலிருந்து பட்டுத் துணியில் முடிந்த ஒரு காசை எடுத்து வந்தார் மூத்தவர். குடத்திலிருந்து அடையாளத்துக்காக ஒன்று மட்டும் எடுத்து வைத்தாராம் கொள்ளுத் தாத்தா. வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் சார்மினார். இந்தக் காசுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சார்மினாரின் நடு வாயிலுக்குள் ஒரு சின்ன அரபி எழுத்து இருக்கும். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் காலத்தில் 'மீம்', ஏழாமவர் உஸ்மான் அலி கான் காலத்தில் 'ஐன்'. இந்தக் காசில் இருந்தது ஐன். மஹபூப் காலமானது 1911 ஆகஸ்டில். 1911-க்குப் பிறகு அடித்த காசு 1908-ல் புதைத்த குடத்திலிருந்து எப்படி வந்திருக்கும்? போதாததற்கு, கதையில் குடம் தங்கம், சாட்சி சொல்ல வந்ததோ வெள்ளி.

மூத்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பணம் எங்கே போயிற்று?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. புதையல் கதை பிறப்பதே அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஒரு தலைமுறையில் வசதி இருந்தது. அடுத்த தலைமுறையில் இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று குழந்தைகளிடம் சொல்லப் பெரியவர்களுக்கு மனம் வராது. கோர்ட்டு வழக்கில் போயிருக்கும், சீட்டு நாணயத்தில் போயிருக்கும், ஜாமீன் கையெழுத்தில் போயிருக்கும், மூன்று பெண்களின் கல்யாணத்தில் கௌரவமாகவே கரைந்திருக்கும். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது நம் சமூகத்தில் எத்தனை பேர் ஆயுட்காலச் சேமிப்பை ஒரே நாளில் இழந்தார்கள்! அந்த அடியில்தான் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானவர்கள் முயற்சியில் 1907-ல் இந்தியன் வங்கியே பிறந்தது. "அர்பத்நாட்டில் போட்டுத் தொலைத்தார்" என்பதைவிட "எங்கோ புதைத்து வைத்திருக்கிறார்" என்பது காதுக்கு இதமான வார்த்தை. தாத்தாவின் மானமும் பிழைக்கிறது, பேரனுக்கும் ஒரு ஆசை மிஞ்சுகிறது.

இப்படிச் சொல்வதால் புதைக்கும் வழக்கமே இல்லை என்று நான் வாதாடவில்லை. இருந்தது. அதுவும் இந்த ஊரில் அதற்குப் பலமான காரணங்கள் இருந்தன. 1908 செப்டம்பர் 28 மூசி வெள்ளத்தில் சுமார் பதினைந்தாயிரம் பேர் மாண்டார்கள். கரையோர வீதிகள் அடையாளம் இல்லாமல் போயின. அந்த மண்ணோடு எத்தனை வீட்டுப் பெட்டிகள் போயினவோ! (விஸ்வேஸ்வரய்யாவை அழைத்ததும், உஸ்மான் ஸாகர் கட்டியதும் அதன் பிறகுதான்.) ராஜ்யத்தின் சொந்த வங்கியான ஹைதராபாத் ஸ்டேட் பாங்க் பிறந்ததே 1941-ல். அதற்கு முன் சாமானியக் குடும்பம் நம்பியது சாஹுகாரையும் மண்ணையும்தான். 1948-ல் ரஜாக்கர் கலவரத்தின் போதும், செப்டம்பர் 13 முதல் நடந்த போலீஸ் நடவடிக்கையின் போதும் பலர் நகையைக் கிணற்றில் இறக்கிவிட்டு ரயில் ஏறினார்கள். திரும்பி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வராதவர்களுடையது அங்கேயே நின்றிருக்கலாம். பிறகு 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 1990 வரை நீடித்தது. கட்டித் தங்கம் வைத்திருக்கக் கூடாது என்றவுடன், வங்கிப் பெட்டகம் இருந்த காலத்திலேயே பலர் மறுபடி சுவரையும் தரையையும் தேடினார்கள்.

ஆகவே ஒரு கலயத்தில் இருநூறு வெள்ளி ரூபாய், ஒரு செம்பில் பெண்டாட்டியின் நகை என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அந்த நண்பரின் வீட்டுக் கிணற்றடியிலும் 1948-ல் யாரோ சில நாட்களுக்கு எதையோ வைத்து, பிறகு எடுத்திருக்கலாம். ஐன் போட்ட ரூபாய் அந்த நாட்களின் ஞாபகமாக இருக்கலாம். பாட்டியின் ஞாபகத்தில் வெள்ளமும் கலவரமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன போலும். இது என் ஊகம்.

இனி சட்டம். 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. கலெக்டர் விளம்பரம் செய்து உரிமை கோருபவர்களை அழைப்பார். கண்டெடுத்த நாளுக்கு முந்தைய நூறு வருஷத்துக்குள் தம் முன்னோர் மறைத்தது என்று ஒருவர் காட்டினால், சிவில் கோர்ட்டில் போய் நிரூபிக்க அவகாசம் தருவார். யாரும் உரிமை நாட்டாவிட்டால் உடைமையற்ற பொருள். அப்போது, வேறு உடன்பாடு இல்லையென்றால், எடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே வேண்டுமென்று எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். கௌடில்யரின் பழைய நியாயம்தான், ஆங்கிலத்தில். வீட்டை விற்கப் போகிறவர்கள், புதையல் பற்றிய பயத்தால் ஒப்பந்தத்தை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. பொருள் கிடைத்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு ஷரத்து எழுதிக்கொண்டால் போதும். அந்த மூன்று சகோதரர்களும் கடைசியில் அப்படித்தான் எழுதினார்கள். அஸ்திவாரம் தோண்டியபோது மூத்தவர் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பழைய செங்கல்லும் ஒரு உடைந்த ஆட்டுக்கல்லும் வந்தன.

மந்திரவாதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெலுங்கில் 'குப்த நிதுலு' என்பார்கள். அந்த இரண்டு வார்த்தைகளை நம்பித் தெலங்கானா கிராமங்களில் பாழடைந்த சிவாலயங்களின் நந்தியைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். லிங்கத்தின் பீடத்தைக் குடைந்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக் காகதீயர் காலத்துக் கல்லை உடைத்து உள்ளே மண்ணைப் பார்த்தவர்கள் இவர்கள். இதே ஆசாமிகள்தான் நகரத்துக்கு வந்து "உங்கள் வீட்டில் ஈசானிய மூலையில் இருக்கிறது, நாகம் காவல் இருக்கிறது, பூஜைக்கு இவ்வளவு ஆகும்" என்கிறார்கள். முன்பணம் வாங்கிய பிறகு, தாங்களே முந்தின ராத்திரி புதைத்த பித்தளைக் காசை எடுத்துக் காட்டுகிறார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

உங்கள் வீட்டிலும் பட்டுத் துணியில் முடிந்த ஒரு காசு இருந்தால், அதைத் தேய்த்து மெருகேற்றாதீர்கள். தேய்த்தால் எழுத்தும் போகும், விலையும் போகும். பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துச் சார்மினார் வாயிலைப் பாருங்கள், மீமா ஐனா என்று. ஹிஜிரி ஆண்டும் அதிலேயே இருக்கும். ஹைதராபாத் வரும் அங்கத்தினர்கள் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் இரண்டு இடங்கள் உண்டு. பப்ளிக் கார்டன்ஸில் உள்ள மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் நாணயச் சேகரிப்பு நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று. ஸைஃபாபாதில், 1903-ல் தொடங்கிய பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில், 2022 ஜூனில் ஒரு நாணய அருங்காட்சியகம் திறந்தார்கள். உங்கள் வீட்டு ரூபாய் பிறந்த இடம் அதுவாகவே இருக்கலாம்.